திருந்திய பிறகு வா என்று சொல்ல நாம் யார்?



கிருபையைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். கிருபையைப் பற்றிப் பேசாத சபை எது? ஞாயிறுதோறும் பாடுகிறோம், கண்ணீர் விடுகிறோம், ஆமென் சொல்கிறோம். ஆராதனை முடிந்ததும் ஒருவர் காதில் ஒருவர் என்ன பேசுகிறோம்? “பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறானே, அவன் சாங்கி சிறையில் இருந்துவிட்டு வந்தவனாம். பார்த்து இருங்கள்.” கைப்பை மடிக்கு வந்துவிடுகிறது. மகளை அழைத்துக்கொண்டு தாய் வேறு வரிசைக்குப் போய்விடுகிறார். இதைக் கண்டிக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

முதலில் நம் சிங்கப்பூரின் கதையைக் கேளுங்கள். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு மேலே ஏறி வந்தால் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் கட்டியது யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் என்பார்கள். வரைபடம் போட்டவர் கர்னல் மெக்பெர்சன், அது உண்மை. 1856ல் அடிக்கல் நாட்டி, 1862 ஜனவரியில் பிரதிஷ்டை செய்தார்கள். கல்லும் மண்ணும் சுமந்தது, சாரத்தில் ஏறி நின்றது, சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது எல்லாம் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் கை. சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் இவற்றைச் சேர்த்துப் பூசிய மெட்ராஸ் சுண்ணப்பூச்சு அது. நம் ஊர் வித்தை.

1825ல் பென்கூலனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது அந்தக் கைதிகளின் முதல் கூட்டம். மதராஸிலும் வங்காளத்திலும் தண்டனை பெற்றவர்கள். பின்னால் பம்பாயிலிருந்தும் வந்தார்கள். கொலைக்காக வந்தவனும் உண்டு, கொள்ளைக்காக வந்தவனும் உண்டு. அவர்களைக் கொண்டுதான் சாலை போட்டார்கள், சதுப்பை மேடாக்கினார்கள். இன்று நாம் நகை வாங்கவும் மல்லிகைப்பூ வாங்கவும் போகிறோமே சிராங்கூன் ரோடு, அந்தச் சாலையில் இருந்த அரசாங்கச் செங்கல் சூளையிலும் கைதிகள்தான் வெந்தார்கள். 1873ல் இங்கிருந்த கைதி முகாம் கலைக்கப்பட்டபோது, விடுதலை பெற்ற பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். மாடு வளர்த்துப் பால் விற்றார்கள், வண்டி ஓட்டினார்கள், குடும்பம் கட்டினார்கள். இந்த ஊரின் ஜனத்தோடு ஜனமாகக் கலந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆயுள்தண்டனை பெற்றவனின் நெற்றியில் அவன் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் அன்று இந்தியாவில் இருந்தது. தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினி அரசாங்கமே வெட்கப்பட்டு 1849ல் அந்தக் கொடுமையை நிறுத்தியது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் நிறுத்தவில்லை. நம்மிடம் ஊசி இல்லை, நாக்கு இருக்கிறது.

“ஐயா, நாங்கள் யாரையும் தள்ளவில்லை. திருந்தி வரட்டும், ஏற்றுக்கொள்கிறோம்” என்று சொல்லும் மூப்பர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்வது சுவிசேஷம் இல்லை.

எரிகோவில் சகேயு என்ற வரிவசூல்காரன் இருந்தான். ரோமருக்காகச் சொந்த ஜனத்தைச் சுரண்டியவன். மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னார். அந்த நேரத்தில் சகேயு ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றியதற்கு நாலு மடங்கு என்ற வாக்கெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. முதலில் ஏற்றுக்கொண்டார், பிறகு அவன் மாறினான். லூக்கா வரிசை பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார். அதைத் தலைகீழாக்கியவர்கள் நாம். வீட்டை விட்டு ஓடிப்போன இளைய மகனின் கதையிலும் அப்படித்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை அவன் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். வாசலுக்கு வெளியே முறைத்துக்கொண்டு நின்றது மூத்தவன். ஒரு நாளும் தப்பு செய்யாதவன். நம் சபைகளில் இருக்கைகளை நிரப்பிக்கொண்டிருப்பது அந்த மூத்தவன் ஜாதி.

இது நமக்கு மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் தமிழ் மண்ணில் வைணவப் பெரியோர்கள், முதலடி எடுப்பது மனிதனா கடவுளா என்ற இதே கேள்விக்காக நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல ஜீவன் கடவுளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள் வடகலையார். பூனைக்குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விக்கொண்டு போவதுபோலக் கடவுள் தூக்கிக்கொள்வார் என்றார்கள் தென்கலையார். சிலுவையில் கள்ளனை ஏற்றுக்கொண்டவரை வணங்கும் நாம் இந்த வாதத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தக் கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை, காணிக்கை போட நேரமில்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாளும் இல்லை.

அடுத்தது நம் சாட்சிக் கூட்டங்கள். போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றுகிறோம். எப்படிப்பட்டவரை? பத்து வருஷம் சுத்தமாக இருப்பவர், நல்ல வேலை, பக்கத்தில் மனைவி, கையில் கிட்டார். அவர் பேசினால் கைதட்டுகிறோம். மூன்றாவது முறை விழுந்து, போதை மறுவாழ்வு நிலையத்துக்கு மறுபடி போய் வந்தவனுக்கு நாம் மைக் கொடுத்ததுண்டா? மைக் வேண்டாம், காப்பி வாங்கிக் கொடுத்ததுண்டா? வெற்றி பெற்றவனை மட்டும் ஏற்றுக்கொள்ள சபை எதற்கு? அதை வங்கியே செய்யும்.

1983ல் பிரேக்த்ரூ மிஷன்ஸ் என்ற போதை மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கிய சைமன் நியோ தாமே போதையில் கிடந்து மீண்டவர். அவரைப்போல் விழுந்து எழுந்தவர்களுக்கு விழுந்தவனைப் பார்த்து அருவருப்பு வருவதில்லை. ஒருமுறையும் விழாத நமக்குத்தான் வருகிறது.

“அப்படியானால் அடிபட்டவன் கதி என்ன? பணத்தைப் பறிகொடுத்தவள், உதை வாங்கியவள் எங்கே போவாள்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கிருபை என்று பேசுகிறவன் பொய் பேசுகிறான். சகேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தான் என்பதை நான் மறைக்கவில்லை. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவன் எஜமானுக்கு எழுதிய பவுல், அவன் வைத்த கடன் இருந்தால் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி சொன்னார். அப்போது பவுலும் சிறையில்தான் இருந்தார். ஏற்றுக்கொள்வது என்றால் நஷ்டத்தை மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை. அந்த நஷ்டத்தில் நானும் பங்கெடுக்கிறேன் என்று சபை முன்வருவது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவனை ஞாயிறு பள்ளி வாத்தியாராக்கச் சொல்லவில்லை. அவனுக்குத் திருவிருந்தில் இடம் உண்டு, பிள்ளைகள் அறையில் இடம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் துணிவு போதகர்களுக்கு வேண்டும். அடித்த புருஷனிடம் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு அதற்குக் கிருபை என்று பெயர் வைப்பது அவளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

கடுமைக்குப் பேர்போன நம் அரசாங்கத்தைப் பாருங்கள். 2004ல் விடுதலையான கைதிகளுக்காக மஞ்சள் ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர் நம் தமிழர், அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன். சிறு குற்றம் செய்து, தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு ஒழுங்காக இருந்தால் அந்தப் பதிவு கழிந்ததாகக் கருதும் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. 2017ல் அரசாங்கச் சேவை, வேலை விண்ணப்பத்திலிருந்து குற்றப்பதிவுக் கேள்வியையே எடுத்துவிட்டது. 1998ல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டே ஆண்டில் மறுபடி சிறைக்குப் போனார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. கதவைத் திறந்தால் மனிதர்கள் உள்ளே வருகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா? ஐந்து ஆண்டில் சட்டம் கழித்துவிடுவதை முப்பது ஆண்டு கழித்தும் கல்யாணப் பேச்சில் தோண்டி எடுக்கும் விசுவாசிகளை எனக்குத் தெரியும்.

சாங்கியில் இருப்பவனைப்பற்றி மட்டும் நான் பேசவில்லை. ஞாயிறு மாலை தேக்காவில் குடித்துவிட்டுப் புல்தரையில் படுத்திருக்கும் வெளிநாட்டு ஊழியனைத் தாண்டிப் போகிறோமே, அவனும் இந்தக் கணக்கில் வருகிறான். ஊரில் கடன், இங்கே தங்குவிடுதியில் தனிமை. விவாகரத்தான பெண்ணைப் பாடகர் குழுவிலிருந்து மெல்ல ஒதுக்குகிறோமே, அவளும் வருகிறாள். சூதாட்டத்தில் வீட்டை இழந்து, வெட்கத்தால் சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட அண்ணனும் வருகிறார். அவர் வராததை இத்தனை மாதமாக நாம் கவனித்தோமா?

கடை வைத்திருக்கும் ஐயாமார்களே, உங்கள் வேலை விண்ணப்பத் தாளிலிருந்து அந்தக் குற்றப்பதிவுக் கேள்வியை நாளைக்கே அடித்துவிடுங்கள். போதகர்களே, சிறையில் இருப்பவர்களின் மனைவி மக்களை இந்த மாதமே வீட்டில் போய்ப் பாருங்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக்கதவைத் தட்ட யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. மூப்பர்களே, சாங்கி வாசலில் விடுதலையாகி வெளியே வருகிறவர்களில், அழைத்துப்போக ஆளில்லாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சபையிலிருந்து ஒருவர் போய் அங்கே நிற்க வேண்டும். போகப்போவது யார் என்பதை இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் முடிவு செய்து, பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.