அறுவைக்குப் பின் நீளும் வலியும் இரத்தத்துப் பொட்டாசியமும்

ஊரிலிருக்கும் முதிய தாய் தந்தையரைத் தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வந்து, முழங்கால் மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சை செய்விக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். புண் ஆறிவிடுகிறது, தையலும் பிரிக்கப்படுகிறது. ஆயினும் பத்துப் பேரில் ஒருவருக்காவது, மூன்று மாதங்கள் கடந்த பின்னும் வலி நீடிக்கிறது. அவ்வலிக்காக நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை, இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தின் அளவை ஓசையின்றி உயர்த்திவிடக் கூடும் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பொட்டாசியம் என்பது 1807-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி பிரித்தெடுத்த உலோகம். நம் உடலில் அது உப்பின் வடிவில், நூற்றுக்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. இச்சொற்ப அளவு பிறழாதிருந்தால்தான் நரம்பு செய்தி கடத்தும், தசை சுருங்கும், இதயம் ஒழுங்காகத் துடிக்கும். மிகுதியை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் சிறுநீரகங்களைச் சார்ந்தது. முதுமையில் அவற்றின் ஆற்றல் குன்றுகிறது.

ஐபுபுரூபன், டைக்குளோபினாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாபிரில், டெல்மிசார்ட்டன் முதலியவையோ பொட்டாசியத்தை உடலிலேயே தேக்கிவைக்கும் இயல்புடையவை. தளர்ந்த சிறுநீரகத்தின்மேல் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? அளவு ஏறும், பல வேளைகளில் முன்னறிவிப்பின்றி இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளுள் சில இதற்கு மாறாகப் பொட்டாசியத்தை வெளியேற்றி, தசைப்பிடிப்பும் மலச்சிக்கலும் உண்டாக்கும்.

கூடினாலும் குறைந்தாலும் கால்கள் தளர்வது உண்டு. வீட்டிலுள்ளோர் அதனைச் சத்துக் குறைவெனக் கருதி இளநீரும் வாழைப்பழமும் தருவர். பலருக்கு நன்மை தரும் இவ்விரண்டும், சிறுநீரகம் பழுதுற்றவருக்குத் தீங்காகும். சோடியம் குறைந்ததென விற்கப்படும் உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று கேட்டு வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமோர் இடையூறு உண்டு. அழுத்த மாத்திரையை எழுதியவர் மதுரையிலோ தஞ்சையிலோ உள்ள டாக்டர். அறுவை செய்தவர் இங்குள்ளவர். அவர் இந்தியில் வினவ, அம்மா மகனை நோக்க, மகனோ, "ஏதோ பி.பி. மாத்திரை" என்கிறார். மாத்திரை அட்டைகளையே எடுத்துச் சென்று காட்டிவிடுவது நல்லது. அவற்றின் பெயர்கள் எவ்வூரிலும் படிக்கத்தக்கவை. வலி மருந்து தொடங்குமுன்னும், தொடங்கி ஓரிரு வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டையும் பரிசோதிக்கக் கேட்கலாம். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்தால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தோன்றும். ஆதலின் மறுபரிசோதனை கேட்பதில் தவறில்லை. அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது மட்டும் கூடாது.

வலி நீடிக்கிறதென்பதையும் அறுவை மருத்துவரிடம் கூசாமல் சொல்லவேண்டும். மூட்டில் கிருமி தங்கியதா, பொருத்திய மூட்டு தளர்ந்ததா, நரம்பு ஊறுபட்டதா என அவர் ஆராய்வார். நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றின் அளவை நிர்ணயிக்கவும் கிரியாட்டினின் கணக்கே வேண்டும்.