பாட்டுக்காரர் பி. ரம்லி



பி. ரம்லி என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் நாட்டில் இல்லை என்றே சொல்லலாம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், தமிழ்ப் படத்துக்குக் கூடிய கூட்டம் அவருடைய மலாய்ப் படத்துக்கும் கூடியது. மொழி முழுவதும் விளங்காத பாட்டிமார்கூட அவர் சிரித்தால் சிரித்தார்கள், அவர் அழுதால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரை நடிகராகத் தெரிந்து வைத்திருக்கிற நம் பிள்ளைகளுக்கு, அவர் முதலில் ஒரு பாட்டுக்காரர், பிறகுதான் நடிகர் என்பது தெரிவதில்லை. பாட்டு அவரை எப்படி உயர்த்தியது, அந்தப் பாட்டுக்கு நாடு எப்போது மரியாதை செய்தது என்பதை இன்று பார்ப்போம்.

பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தெயுக்கு ஜக்கரியா. தந்தையார் தெயுக்கு நியாக் புத்தே, சுமத்திராவின் வட கோடியிலுள்ள ஆச்சே நாட்டிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. ‘புத்தே’ என்ற தந்தை பெயரின் முதல் எழுத்துத்தான் ‘பி’ என்று மகன் பெயருக்கு முன்னால் நின்றது. கடலை நம்பிப் பிழைத்த எளிய குடும்பம். நம்மைப் போலவே, உழைத்தால்தான் அன்றைய சாப்பாடு என்ற வீடு.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிறகு ஆங்கிலப் பள்ளிகளிலும் அவர் படித்தார். படிப்பின் நடுவிலே ஜப்பான்காரன் காலம் வந்துவிட்டது. நம் பெரியவர்களுக்குச் சயாம் மரண ரயிலை நினைவூட்டும் அதே காலம் அது. அப்போது அவர் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே ஜப்பானியப் பாட்டுகளையும் கற்றுக்கொண்டார். காலம் கெட்டதாக இருந்தாலும் காது திறந்தே இருந்தது. கேட்டதையெல்லாம் மனத்தில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதைப் பிள்ளைகளை அருகில் அழைத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டில் பினாங்கில் நடந்த பாட்டுப் போட்டியில் ரம்லி கலந்துகொண்டார். கிடைத்தது மூன்றாம் பரிசு. அடுத்த ஆண்டு மறுபடியும் வந்தார். இரண்டாம் பரிசு. 1947-இல் மூன்றாம் முறையாக வந்தார். முதல் பரிசு! அப்போது அவருக்கு வயது 18. மூன்றாவதாக வந்த பையன், “நமக்கு இது சரிப்படாது” என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வந்திருக்காது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

மறு ஆண்டு, அதாவது 1948-இல், புக்கிட் மெர்தாஜத்தில் ஒரு நிகழ்ச்சியில் அவர் பாடினார். கேட்டவர்களில் ஒருவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கியவர். அந்தக் குரலில் ஏதோ இருக்கிறது என்று அவர் காதுக்குப் பட்டது. ரம்லியைச் சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார். ஷா சகோதரர்களின் மலாய்ப் படக் கம்பெனி நடந்த இடம் அது.

போனவுடன் கதாநாயகன் வேடம் கிடைத்துவிடவில்லை. அதே ஆண்டில் வந்த ‘சிந்தா’ படத்தில் அவருக்குத் தரப்பட்டது வில்லன் வேடம். அதோடு பின்னணிப் பாடகராகவும் பாடினார். பின்னணி என்றால், திரையில் ஒருவர் வாயசைப்பார், மறைவில் நின்று வேறொருவர் பாடுவார். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. இரண்டு ஆண்டு கழித்து, 1950-இல் ‘பக்தி’ என்ற படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம்மவர். இந்த நாட்டின் மலாய்ப் படங்களை வளர்த்ததில் சீன முதலாளிகளின் பணமும், இந்திய இயக்குநர்களின் கைத்திறனும், மலாய்க் கலைஞர்களின் குரலும் முகமும் கலந்திருக்கின்றன. இதை நம் பிள்ளைகள் சரித்திரமாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

1955-இல் ‘பெனாரேக் பெச்சா’ என்ற படத்தின் மூலம் ரம்லியே இயக்குநரானார். பெச்சா இழுத்துப் பிழைக்கும் ஓர் ஏழை இளைஞனின் கதை அது. 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், ‘ஹங் துவா’ படத்தின் இசைக்காக அவருக்குப் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு தோக்கியோவில், ‘அனாக்கு சசாலி’ படத்துக்காகச் சிறந்த நடிகர் என்ற பரிசு வந்தது. அந்தப் படத்தில் தகப்பனும் அவரே, மகனும் அவரே. செல்லம் கொடுத்தே மகனைக் கெடுத்துவிட்ட ஓர் இசைக் கலைஞனின் கதை அது. பெற்றோர்கள் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய படம்.

அவர் இசையின் சிறப்பு என்ன? ஜோகெட், இனாங், அஸ்லி என்ற மலாய் இசை வகைகள் அவருக்குத் தாய்ப்பால் போல. அவற்றோடு ரும்பா, சாச்சா போன்ற மேல்நாட்டுத் தாளங்களையும், வடஇந்திய இசையின் குழைவையும் சேர்த்தார். எதைச் சேர்த்தாலும் பாட்டு மலாய்ப் பாட்டாகவே ஒலித்தது. பக்கத்து வீட்டுக் குழம்பின் வாசனை நம் சமையலில் கலந்தாலும், சோறு நம் பானைச் சோறாகவே இருப்பதைப் போல. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு அவர் இசையமைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார்.

1962-இல் வந்த ‘இபு மெர்துவாக்கு’ படத்தில், பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க மனமில்லாத ஒரு பணக்கார மாமியார் வருகிறார். இசை ஒரு தொழிலா என்று அந்த அம்மாள் இளக்காரம் செய்கிறார். அந்த அம்மாள் திரையில் மட்டுமா இருக்கிறார்? நம் வீட்டு வாசலிலும் இருக்கிறார், சில வேளை நம் வாயிலும் இருக்கிறார்.

1964-இல் ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து, மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அங்கே வசதிகள் குறைவு. வெளிநாட்டு வண்ணப் படங்கள் கொட்டகைகளை நிறைத்தன, மக்களின் ருசியும் மாறியது. ஒரு காலத்தில் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்களே, அவர் படங்கள் பழசாகிவிட்டன என்றார்கள். 1972-இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவருடைய கடைசிப் படம். 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44தான். நம்மில் பலர் அந்த வயதில்தான் மூத்த பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சையே தொடங்குகிறோம்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீட்டை 1986-இல் நினைவகம் ஆக்கினார்கள். 1990-இல் டான் ஸ்ரீ பட்டமும் கொடுத்தார்கள். பாட்டு அன்றும் அதே பாட்டுத்தான், குரலும் அதே குரல்தான். மரியாதை மட்டும் பதினேழு ஆண்டுகள் தாமதமாக வந்தது, வாங்கிக்கொள்ள வேண்டியவர் போன பிறகு வந்தது.

ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். மூன்றாம் பரிசு வாங்கி வரும் பிள்ளையை, “முதல் பரிசு ஏன் இல்லை?” என்று அதட்டாதீர்கள். “அடுத்த ஆண்டும் போ” என்று சொல்லுங்கள். பாடும் பிள்ளை படிப்பையும் விடக் கூடாது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பாட்டை நிறுத்தும் வேலையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் லயங்களில் உறுமி அடிக்கும் பெரியவர் இருக்கிறார். ஒரு பிள்ளையைப் பார்த்தவுடனே அதன் பெயர் வைத்துத் தாலாட்டுக் கட்டும் கிழவி இருக்கிறார். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்கள் நடுவிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திருவிழா முடிந்ததும் நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்குச் சாலையும் பட்டமும் கொடுக்க நம்மால் ஆகாது. ஆனால் வருகிற கோயில் திருவிழாவிலே அவரை மேடைக்கு அழைத்து, ஒரு பொன்னாடை போர்த்த நம்மால் முடியும். அவரிடம் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, அடியும் தாளமும் கற்கச் செய்ய முடியும். அதை அவர் காதும் கண்ணும் நன்றாக இருக்கும்போதே செய்துவிடுவோம்.