ஆண் எலும்புக்குள் ஒரு பெண் ஹார்மோன்



ஆண்களின் எலும்பைக் காப்பதில் ஒரு பெண் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பெயர் ஈஸ்ட்ரோஜன். ஆமாம், ஆண் உடம்பிலும் அது இருக்கிறது.

எங்கிருந்து வருகிறது? தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். நெல்லை அரைத்தால் அரிசி. அதுபோல, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதியை உடம்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. நெல் வரத்து குறைந்தால்? அரிசியும் குறையும்.

சிறுநீரக நோய் முற்றிய ஆண்கள் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிடுகிறது. அது மட்டுமல்ல. வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றுவதில் முக்கிய வேலை சிறுநீரகத்துடையது. அது தளர்ந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் தேங்கும். பாராதைராய்டு ஹார்மோன் ஏறும். அது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவும். இந்தப் பக்கமும் இழப்பு, அந்தப் பக்கமும் இழப்பு.

குறுவை நடவு நேரம். வரப்பில் கால் சறுக்குகிறது. நல்ல எலும்பு தாங்கிவிடும். இந்த எலும்பு முறிந்துவிடலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சிறுநீரக நோயாளிகளின் வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. சிகிச்சை வாசல் வரை வந்திருக்கிறது. கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

"டாக்டர், என் எலும்பு எப்படி இருக்கு?" கேளுங்கள். தாம்பத்திய ஆசை குறைந்திருந்தால், அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதுவும் ஹார்மோன் குறைவதன் அடையாளமாக இருக்கலாம். ஹார்மோன் ஊசியோ, கால்சியம் மாத்திரையோ, நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.