ஒரு நாணயமும் பாடாத பாட்டும்



பத்தாண்டுகளாகத் தமிழை முன்னிறுத்திக் கூடிவரும் இவ்வட்டத்தின் நிறைவு விழாவில் ‘கவிதையும் வரலாறும்’ என்னும் பொருளில் பேசப் பணித்தீர்கள். பெரும்பொருள். அதை ஒரு சிறு நாணயத்தின் துணையோடு அணுக விரும்புகிறேன்.

2014ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரோடு ஐலண்டு மாநிலத்தில் மிடில்டவுன் என்னும் ஊர். அங்குள்ள பழத்தோட்டம் ஒன்றில் வரலாற்று ஆர்வலர் ஒருவர், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை ஒலியால் காட்டும் கருவியைக் கையில் ஏந்தி நடந்துகொண்டிருந்தார். குடியேற்றக் காலத்துப் பழங்காசுகளும் துப்பாக்கிக் குண்டுகளும் அந்நிலத்தில் அவருக்கு முன்பே கிடைத்திருந்தன. அன்று கருவி ஒலித்த இடத்தைத் தோண்டியபோது கறுத்துப்போன சிறு வெள்ளிக்காசு ஒன்று வெளிப்பட்டது. துடைத்துப் பார்த்தால், ஆங்கிலேயர் குடியேறிய அம்மண்ணில் அரபு எழுத்துகள்! ஆராய்ந்தபோது அது 1693இல் ஏமன் நாட்டில் அடிக்கப்பட்ட காசு என்று தெரியவந்தது.

அரபு நாட்டுக் காசு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அங்கே சென்றது எங்ஙனம்? கண்டெடுத்தவரே பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடி ஒரு விடையை முன்வைத்தார்.

1695 செப்டம்பரில் ஔரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ என்னும் பெருங்கப்பல், மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்றவர்களையும் பெருஞ்செல்வத்தையும் ஏற்றிக்கொண்டு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கடற்கொள்ளையன் அதை வழிமறித்துக் கைப்பற்றினான். பேரரசர் சினம் கொண்டார். சூரத்தில் இருந்த ஆங்கில வணிகர்கள் சிறைப்பட்டனர். எவரியைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. 1696இல் கொள்ளையர் பகாமாத் தீவுகளை அடைந்து பல திசைகளில் பிரிந்தனர். சிலர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். அவர்கள் கைவழியே வந்த காசு இதுவாகலாம் என்பதே அவ்விடை. அண்டை மாநிலங்களிலும் அக்காலத்து அரபுக் காசுகள் கிடைத்திருப்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. அதே 1696இல் கூட்டத்தைச் சேர்ந்த ஐவர் இலண்டனில் தூக்கிலிடப்பட்டனர். எவரி மட்டும் எவர் கையிலும் அகப்படவில்லை.

இந்தச் செய்தியைச் சென்ற ஆண்டு வகுப்பில் மிகுந்த சுவையோடு சொன்னேன். கொள்ளையனின் துணிவையும், அவன் தப்பிய விதத்தையும், முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் காசு வெளிப்பட்ட வியப்பையும் விரித்துரைத்தேன். மாணவர்கள் கண்கொட்டாமல் கேட்டனர். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். “அம்மா, அந்தக் கப்பலில் பெண்கள் இருந்தார்களா?” என்று கேட்டாள்.

இருந்தார்கள். கொள்ளையர் பல நாள்கள் அக்கப்பலில் தங்கிப் பயணிகளை வதைத்தனர்; பெண்களைச் சிதைத்தனர். மானம் காக்கச் சிலர் கடலில் குதித்தனர் என்றும், சிலர் கத்தியால் தம்முயிரைப் போக்கிக்கொண்டனர் என்றும் முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். இதை நான் படித்திருந்தேன், அன்பர்களே. படித்திருந்தும் வகுப்பில் சொல்லவில்லை. கதையின் சுவை கெடும் என்று என்னை அறியாமலே விட்டுவிட்டேன். முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண், பெண்களின் துயரை விலக்கிவிட்டுக் கொள்ளையனின் வீரத்தைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அந்த மாணவியின்முன் நாணி நின்றேன்.

இப்பிழையை எனக்கு முன்பே செய்தவர்கள் பாவலர்களும் நாடகாசிரியர்களுமே. எவரியே பாடுவதுபோல் அமைந்த பாட்டு அவன் காலத்திலேயே இலண்டனில் அச்சாகி விற்பனையானது. 1709இல் வெளிவந்த கதைநூல் ஒன்று அவனுக்கு முகலாய இளவரசியை மணமுடித்து வைத்தது. 1712இல் இலண்டன் மேடையில் ஏறிய நாடகம் ‘வெற்றி பெற்ற கொள்ளையன்’ என்றே அவனைப் போற்றி, மடகாசுகரின் மன்னனாக முடிசூட்டியது. சிதைக்கப்பட்டவளைக் காதலியாக மாற்றியது கற்பனை. கொலைகாரனுக்கு முடிசூட்டியது எழுதுகோல். கடலில் குதித்தவருள் ஒருத்தியின் பெயரைக்கூட அவற்றுள் எதுவும் பாடவில்லை.

வென்றோரைப் பாடுவது கவிஞர்க்குப் பழைய தொழில். புறநானூற்றிலும் வேந்தர் புகழே மிகுதி. ஆயினும், தந்தையையும் குன்றையும் இழந்து நின்ற பாரி மகளிரின் பாட்டையும் அத்தொகை தன்னுள் வைத்துக் காத்திருக்கிறது. ஐந்தே அடிகள்தாம். மூவேந்தரின் வெற்றியைப் பாடிய பாட்டுகள் எத்தனை இருப்பினும், பறம்பு என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது அந்த ஐந்தடிகளே. தோற்றவர் குரலுக்கு இடம் தந்த தொகுப்பாளரை இன்று நன்றியோடு நினைக்கிறேன்.

கருவி உலோகம் கிடக்கும் இடத்தைக் காட்டும். அந்தக் காசு யாருடைய முந்தானை முடிச்சிலிருந்து பறிக்கப்பட்டது என்று அது காட்டாது. அதைத் தேடிச் சொல்லும் பணி நம்முடையது. சுவைக்காக ஒன்றை மறைக்கும்போதும், ஓசைக்காக ஒருவனை உயர்த்தும்போதும், யாருடைய குரல் மண்ணுக்குள் போகிறது என்று நாம் ஒருமுறை நின்று கேட்க வேண்டும்.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்: நாணயம். மண்ணுக்குள் கிடக்கும் நாணயத்தைத் தேடக் கருவி உண்டு. எழுத்துக்குள் இருக்க வேண்டிய நாணயத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் கவிதைகள் அந்தத் தேடலில் பிறக்கட்டும் என வாழ்த்தி, எனக்குப் பாடம் சொன்ன அந்த மாணவியை நன்றியோடு நினைந்து அமைகிறேன்.