மேற்பார்வையாளர்: வழிகாட்டியா, கண்காணிப்பாளரா?



ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் தொடங்கப்பட்டது. துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி ஆகிய ஆறும் அதன் சேவைகள். இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. மையத்தை நடத்துபவர் அங்கன்வாடி ஊழியர். ஏறத்தாழ 25 மையங்களுக்கு ஒருவர் என்ற அளவில் மேற்பார்வையாளர் இருக்க வேண்டும்.

மேற்பார்வையாளரின் பணி தொடக்கத்தில் கல்விப் பணியாகவே வகுக்கப்பட்டது. அவர் மையத்திற்கு நேரில் செல்ல வேண்டும். ஊழியருடன் சேர்ந்து குழந்தையை எடைபார்த்து, வளர்ச்சி அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும். எடை குறைந்த குழந்தையின் வீட்டிற்குச் சென்று தாயிடம் பேச வேண்டும். ஊழியரின் குறையைத் திருத்துவதும், அவருடைய இடர்ப்பாட்டை மேலிடத்திற்கு எடுத்துச் சொல்வதும் ஒரே பொறுப்பின் இரு பக்கங்களாக இருந்தன.

2018இல் போஷன் அபியான், 2021இல் போஷன் டிராக்கர் செயலி ஆகியவை வந்தபின் இந்த உறவு மாறியது. குழந்தையின் எடை, வருகை, உணவு வழங்கல் அனைத்தும் கைபேசி வழியே பதிவாகின்றன. 2025 ஜூலை முதல், வீட்டிற்கு எடுத்துச் செல்லும் உணவைப் பெற முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. இணையம் கிடைக்காத ஊரிலும், முகம் பொருந்தாத நாளிலும் தாயின் கோபத்தை எதிர்கொள்பவர் ஊழியர். பதிவு ஏன் குறைந்தது என்று அவரிடம் விளக்கம் கேட்க வைக்கப்படுபவர் மேற்பார்வையாளர். பசித்த குழந்தை கண்முன் நிற்க, திரையிலுள்ள எண்ணுக்கே இருவரும் பதில் சொல்ல வேண்டியுள்ளது.

பதிவேடு தேவையில்லை என்று எவரும் வாதிடவில்லை. உணவுப் பொருள் களவு போகாமல் காக்கக் கணக்கு வேண்டும். ஆனால் கணக்கு குழந்தைக்காக இருக்க வேண்டும். கணக்கிற்காகக் குழந்தை அல்ல.

பொறுப்பு பெருகிய அளவிற்கு ஊதியம் பெருகவில்லை. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் கூடுதலாக வழங்கும் தொகை இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்குமாறு 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இவர்கள் 1972ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவர் என 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் “தன்னார்வலர்” என்ற பெயர் நீங்கவில்லை.

எனவே ஊழியர், உதவியாளர், மேற்பார்வையாளர் ஆகியோரை ஒருவருக்கொருவர் எதிரிகளாக நிறுத்தும் ஏற்பாட்டைக் கட்சி உறுப்பினர்கள் இனங்காண வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்புக. முகச் சரிபார்ப்பு தவறினாலும் உணவை மறுக்காதே. தொழிலாளர் தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் வழங்குக! இக்கோரிக்கைகளை ஊழியர்கள் மட்டும் எழுப்பினால் போதாது. மையத்திற்குக் குழந்தையை அனுப்பும் தாய்மார்களும் எழுப்ப வேண்டும். அவர்களைத் திரட்டும் பணி ஒவ்வொரு கிளையின் அடுத்த கூட்டத்திலேயே தொடங்கட்டும்.