விதியா, கரித்தூசியா?

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் சுரங்கத்தொழில் ஆராய்ச்சி என்பதாகும். சுரங்கம் என்றவுடன் உங்களில் பலருக்குத் தங்கமும் வைரமும் ஞாபகத்திற்கு வரும். நான் பேசப்போவது வெறும் நிலக்கரியைப் பற்றியும், அந்தக் கரியை வெட்டும்போது உதிருகின்ற தூசியைப் பற்றியுமேயாகும். இந்தத் தூசி எத்தனை உயிரைக் குடித்தது, அதைத் தடுக்கும் வழியை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான், கண்டுபிடித்த பிறகும் ஏன் ஜனங்கள் சாகின்றார்கள் என்கின்ற மூன்றையும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளுகின்றேன்.

1906-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி பிரான்சு தேசத்தின் வடபாகத்தில் கூரியேர் என்னும் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 1099 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறு பையன்களும் அநேகர். இனி உள்ளே உயிரோடு ஒருவரும் இல்லை என்று தேடுவதைக் கைவிட்ட பிறகு, 20-ம் நாள் 13 பேர் இருட்டில் தாங்களாகவே வழிகண்டு வெளியே வந்தார்கள்! மறு வருஷம் டிசம்பர் 6-ந் தேதி அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் மானங்கா சுரங்கத்தில் 362 பேர் மாண்டார்கள். அதே மாதம் 19-ந் தேதி பென்சில்வேனியாவில் டார் சுரங்கத்தில் 239 பேர் மாண்டார்கள்.

இந்த டார் சுரங்கத்தில் வேலை செய்த கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவார் அன்று புனித நிக்கலஸ் பண்டிகை என்று வேலைக்குப் போகவில்லை, ஆதலால் பிழைத்தார்கள். புனிதர் காப்பாற்றினார் என்று இதைச் சொல்லுவாருண்டு. தோழர்களே, நான் கேட்கின்றேன்: பண்டிகைக்காக வீட்டில் இருந்தவன் பிழைத்தான் என்றால், வயிற்றுவலிக்காக வீட்டில் இருந்தவனும் பிழைத்துத்தானே இருப்பான்? காப்பாற்றியது உள்ளே போகாமையே தவிர வேறென்ன? உள்ளே போன 239 பேரில் சாமி கும்பிடாதவன் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

நிற்க, சுரங்கம் ஏன் வெடிக்கின்றது? நிலக்கரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஒரு வாயு கசிகின்றது. விளக்கு பட்டால் அது வெடிக்கும். இதற்காக 1815-ல் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி, சுடரைக் கம்பிவலைக்குள் அடைத்த விளக்கைச் செய்தார். ஆனால் அந்த விளக்கு வந்த பிறகும் சுரங்கங்கள் வெடித்தன. வாயு மிகக் குறைவாயுள்ள சுரங்கங்களில்கூட மைல் கணக்கில் தீ ஓடிற்று. 1844-ல் இங்கிலாந்தில் ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் இறந்தபோது, மைக்கேல் பாரடே என்னும் பெரிய விஞ்ஞானி நேரில் போய்ப் பார்த்து, இதில் கரித்தூசிக்கும் பங்கு உண்டு என்று எழுதினார். கேட்டவர் யார்? வாயு இல்லாமல் வெறும் தூசி வெடிக்குமா என்று மேலும் 60 வருஷகாலம் வாதாடிக்கொண்டே இருந்தார்கள்.

தூசி வெடிக்குமா என்பதற்கு நம்மூர்ச் சாமியாடியே சாட்சி. சாம்பிராணிக் கட்டியை நெருப்பில் போட்டால் புகையும். அதையே பொடி செய்து தீவட்டியின்மேல் வீசினால் குப்பென்று ஆளுயரம் தீ எழும்பும். ஜனங்கள் அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுவார்கள். அருளுமில்லை, மருளுமில்லை. பொடியானால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கின்றது. ஆகவே எல்லாம் ஒரே நொடியில் எரிகின்றது. சுரங்கத்தில் முதலில் கொஞ்சம் வாயு வெடித்து, அந்த வேகத்தில் தரையிலும் சுவரிலும் படிந்த கரித்தூசி கிளம்பி, அதில் தீப்பிடித்து, அது அடுத்த தூசியைக் கிளப்பி, இப்படியே தீ ஓடுகின்றது.

இதை வாய்ப்பேச்சால் நிரூபிக்கவில்லை, செய்து காட்டினார்கள். இங்கிலாந்தில் ஆல்டாப்ட்ஸ் என்னும் ஊரில் 1886-ல் ஒரு சுரங்கம் வெடித்தது. அதன் அதிகாரியான வில்லியம் கார்போர்த், தீ ஓடி வந்து சில இடங்களில் தானே அவிந்திருப்பதைக் கண்டார். அங்கெல்லாம் கரித்தூசியல்ல, கல்தூசி படிந்திருந்தது. 1908-ல் அதே ஊரில் பெரிய இரும்புக் குழாயைச் சுரங்கம்போல் அமைத்துச் சோதித்தார்கள். எரிவாயு சிறிதும் இல்லாமலே கரித்தூசி வெடித்தது. கல்தூசி தூவிய இடத்தில் தீ அடங்கிற்று. அமெரிக்காவில் 1910-ல் சுரங்கங்களுக்கென்றே ஒரு சர்க்கார் ஆராய்ச்சி இலாகா ஏற்பட்டது. அது பிட்ஸ்பர்க் நகரத்திற்கு அருகில் புரூஸ்டன் என்னுமிடத்தில் ஒரு உண்மையான சுரங்கத்தையே ஆராய்ச்சிசாலையாக்கி, 1911 அக்டோபர் 30-ந் தேதி வந்தவர்கள் கண்முன்பாகவே வெடிக்கச் செய்து காட்டிற்று.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். ஜே.எஸ். ஹால்டேன் என்பவர் வெடித்த சுரங்கங்களில் இறங்கிப் பிணங்களைப் பரிசோதித்து, பெரும்பாலோர் இறந்தது வெடியால் அல்ல, பின்னால் பரவும் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவால் என்று 1896-ல் எழுதினார். அந்த விஷவாயுவைத் தாமே சுவாசித்து, உடம்பு எப்படியாகின்றது என்று குறித்துவைத்தார். மனிதனுக்கு முன்பே மயங்கிவிழும் சிறு பிராணிகளைக் கூடவே கொண்டுபோகும்படி யோசனை சொன்னவரும் அவரே. அவ்விதம் இங்கிலாந்துச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் 1986 வரையில் காவல் இருந்தன. சகுனம் சொல்லும் பல்லிக்கும் இந்தக் குருவிக்கும் உள்ள பேதத்தை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, மருந்து கிடைத்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லைப் பொடி செய்து சுரங்கவழியெங்கும் தூவவேண்டும். வெடிவேகத்தில் கரித்தூசியோடு அதுவும் கிளம்பி, சூட்டை வாங்கிக்கொண்டு தீயை அடக்கும். மந்திரம் வேண்டாம், பூசாரி வேண்டாம். வேண்டியது கல்பொடியும், தூவ ஆளும், அதற்கு ஆகும் கூலியுந்தான்.

பின் ஏன் சாகின்றார்கள்? 1942 ஏப்ரலில் ஜப்பானியர் ஆதிக்கத்திலிருந்த மஞ்சூரியாவில் பென்சிஹு சுரங்கம் வெடித்து 1549 பேர் மாண்டார்கள். தீ பரவாதிருக்கக் காற்றோட்டத்தை நிறுத்திச் சுரங்கவாயை அடைத்ததால், உள்ளிருந்த சீனத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் விஷவாயுவில் மடிந்தார்கள். ஹால்டேன் எழுதி 46 வருஷம் ஆகியிருந்தது! நம் தேசத்தில் 1965 மே 28-ந் தேதி தோரி சுரங்கம் வெடித்து 268 பேர் மாண்டார்கள். 2010 ஏப்ரல் 5-ந் தேதி, மானங்கா இருக்கின்ற அதே மேற்கு வர்ஜீனியாவில், அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர். பூமியிலிருந்து திடீரென்று வாயு பெருகிவிட்டது என்றது கம்பெனி. விசாரணை செய்தவர்களோ, கரித்தூசி குவிந்து கிடந்ததையும், கல்பொடி போதுமான அளவு தூவப்படாததையும் கண்டார்கள். அவ்வளவு பெரிய சுரங்கத்தில் பொடி தூவ இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களுடைய இயந்திரமோ அடிக்கடி ரிப்பேர். பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக அந்தக் கம்பெனியின் தலைவர் 2015-ல் குற்றவாளியென்று தீர்ப்பாகி, ஒரு வருஷம் ஜெயிலுக்கும் போனார்.

தோழர்களே! காரணம் தெரியாத காலத்தில் விதி என்று அழுதவனை அறியாதவன் என்று மன்னித்துவிடலாம். காரணமும் தெரிந்து, மருந்தும் கையிலிருக்க, கல்பொடிக் கூலியை மிச்சம் பிடித்துவிட்டு, ஆள் செத்த பிறகு விதி, இயற்கை என்று சொல்லுகின்றவனை என்னவென்று சொல்லுவது? பக்தன் சொல்லுகின்ற விதியாவது அவனுக்கு ஆறுதலாயிருக்கின்றது. முதலாளி சொல்லுகின்ற விதி அவனுக்கு லாபமாகவே இருக்கின்றது.

ஆதலால் எங்கே எந்தத் தொழிலில் எத்தனை பேர் செத்தாலும், எல்லாம் அவன் செயல் என்று யாராவது சொன்னால், “எவன் செயல்?” என்று கேளுங்கள். பொடி தூவியிருந்ததா, தூவும்படி சொன்னவன் யார், வேண்டாமென்றவன் யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கின்ற பழக்கம் வந்தால்தான் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் பட்ட பாடு தொழிலாளியின் உயிருக்குப் பிரயோஜனப்படும் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகின்றேன்.