சொல்லுக்குள் வாழும் உயிர்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழ்நாட்டில் விடியற்காலையில் பால் உறையைக் கையில் வாங்குவோர் அதன்மேல் 'ஆவின்' என்னும் பெயரைக் காண்கின்றனர். பசுவை 'ஆ' என்று சுட்டும் வழக்கம் பேச்சிலிருந்து நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும், அவ்வோரெழுத்துச் சொல் நாள்தோறும் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்கிறது. விலங்கு, பறவைப் பெயர்கள் பலவும் அன்றாட வழக்கில் இவ்வாறே, எவர் கண்ணிலும் படாமல் வாழ்ந்து வருகின்றன.

இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் 9 என்று தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கிறது. எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என வரையறுக்கும் அவ்வியல், பிள்ளை, குழவி, கன்று முதலிய பெயர்களை ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்று இசைவு தருகிறது. வாழைக்கன்று நடும் உழவரும், தென்னம்பிள்ளைக்கு நீர் வார்க்கும் மூதாட்டியும் இன்றும் அந்த மரபின் வழியே பேசுகின்றனர். தொழுவத்துக் கன்றைப் போலவே கொல்லைக் கன்றையும் பேண வேண்டும் என்னும் பரிவு அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

குதிரை ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். வீணையின் தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர். துப்பாக்கியில் விரலால் இழுக்கும் விசையும் குதிரையே. முழங்காலுக்குக் கீழே முன்புறம் நீண்டிருக்கும் எலும்புப் பகுதி குதிரைமுகம். வால்போன்ற கதிருடைய சிறுதானியம் குதிரைவாலி. இசைக்கருவி செய்வோரும் உழவரும் தத்தம் தேவைக்கேற்ப அவ்விலங்கின் ஒவ்வொரு கூற்றைக் கண்டெடுத்தனர். ஆமைவடையில் ஓட்டின் வடிவும், கிளிமூக்கு மாம்பழத்தில் அலகின் வளைவும், மயில்துத்தத்தில் கழுத்தின் நீலமும் தெரிகின்றன. இச்சொற்களை ஆக்கியோர் பெயர் அறியப்படாத கவிஞர்கள் அல்லரோ!

எனினும், விலங்கின் பெயர்போல் ஒலிப்பன எல்லாம் விலங்கிலிருந்து பிறந்தவை அல்ல. சில குடும்பங்களில் மருமகளைக் குறிக்கும் 'மாட்டுப்பெண்' என்பது 'மாற்றுப்பெண்' என்பதன் திரிபு என்பர். அதில் மாடு இல்லை. 'காக்காய் வலிப்பு' என்பதும் 'கால் கை வலிப்பு' என்பதன் மரூஉ என்றே கூறுவர். இத்திரிபினால் ஒரு தீங்கும் நேர்ந்தது. மூளையின் மின்னியக்கம் திடீரெனப் பிறழ்வதால் வரும் நோயில் ஒரு காகம் வந்து புகுந்துகொண்டது. நோயாளியைப் பார்ப்போர்க்கு அது ஏளனத்துக்கும் அச்சத்துக்கும் இடமாயிற்று. மருத்துவர்கள் 'வலிப்பு நோய்' என்று எழுதுவதே தகும். சொல்லின் வேரைத் தேடுவது புலவர்தம் பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஒருவருடைய மானத்தைக் காக்கும் செயலாகவும் அமைகிறது.

இனி உடும்பு. பற்றிய இடத்தை நகங்களால் இறுக்கிக்கொள்ளும் அதன் இயல்பிலிருந்து 'உடும்புப்பிடி' பிறந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுயிரைக் காக்க முன்வந்தது. ஆனால், சொல்லுக்குள் இருக்கும் உடும்பைக் காக்கச் சட்டம் இல்லை. அதை ஒருமுறையும் கண்டிராத தலைமுறை அச்சொல்லைப் பிழையின்றி ஆளுகிறது. எனினும் அந்நகமும் பாறையும் அவர்தம் மனக்கண்ணில் எழுவதில்லை. படம் அழிந்து, ஓசை மட்டும் எஞ்சுகிறது.

இதற்காகச் சோர்வடைய வேண்டுவதில்லை. கணிப்பொறி வந்தபோது, கைக்குள் அடங்கி வால்போல் கம்பி நீண்ட கருவிக்குத் தமிழர் 'சுட்டெலி' என்றும் பெயரிட்டனர். பழைய கண் இன்னும் மங்கிவிடவில்லை என்பதற்கு அது சான்று.

கவிஞர்க்கு உரிய கடமையும் இங்கேதான் இருக்கிறது. உவமையாக ஆளுமுன் அவ்வுயிரை ஒருமுறை நேரில் காண்பது நன்று; இயலாதெனில், கண்டவரிடம் கேட்டறிவது நன்று. வயலில் குதிரைவாலிக் கதிர் காற்றில் அசைவதைப் பார்த்தவர் எழுதும் வரியில், அப்பெயர் மீண்டும் ஒருமுறை புதிதாகப் பிறக்கும்.